எருக்குழியும் குடியரசும்: அமெரிக்காவின் முதல் நான்கு அதிபர்கள் தோட்டத்தில் எதைத் தேடினார்கள்?

"அமெரிக்காவின் முதல் அதிபர்கள் எல்லாரும் விவசாயிகள்" என்று ஒரு செய்தி அடிக்கடி கண்ணில் படும். மண்ணை நேசித்தவர்கள் என்பதால்தான் நல்ல நாட்டை உருவாக்கினார்கள் என்று கூடவே ஒரு வரியும் இருக்கும். இதற்கு நேர் எதிராக, அதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, அரசியலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துப் பேசுகிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

ஜார்ஜ் வாஷிங்டன், ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன், ஜேம்ஸ் மேடிசன் ஆகிய நால்வருக்கும் செடி, மரம், எரு, விதை என்றால் உயிர். அந்த ஈடுபாட்டுக்கும் அவர்கள் கனவு கண்ட நாட்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறது. செடியை நேசித்தவர் மனிதரையும் நேசிப்பார் என்ற வகைத் தொடர்பு அல்ல அது. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், அப்படிப்பட்டவர் தன் மனப்படி ஓட்டுப் போட முடியுமா என்ற கேள்வியில் பிறந்த தொடர்பு. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

தோட்டம் என்றால் எது?

வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரிச்செடி வைத்தாலும் நமக்கு அது தோட்டம். மலை மலையாகப் பரந்து கிடக்கும் தேயிலை எஸ்டேட்டும் தோட்டம்தான். இந்த நால்வரின் கதையில் இரண்டு பொருளும் வருகின்றன. குழப்பம் வேண்டாம் என்பதற்காக, வீட்டை ஒட்டியதைத் தோட்டம் என்றும், பெரிய பரப்பைப் பண்ணை என்றும் சொல்கிறேன்.

வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன், வர்ஜீனியாவில் பொட்டோமாக் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 8,000 ஏக்கர் வரை விரிந்த பண்ணை. ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ அதே வர்ஜீனியாவில் ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. மேடிசனின் மாண்ட்பீலியரும் அந்தப் பக்கம்தான். இந்த மூன்றும் அடிமைகளின் உழைப்பில் ஓடியவை. ஆடம்ஸ் மட்டும் வேறு மாதிரி. மாசசூசெட்ஸில் கல்வேலி போட்ட சிறிய பண்ணை அவருடையது. குடும்பத்தாரும் கூலிக்கு வந்தவர்களும் வேலை செய்தார்கள். அவர் அடிமைகளை வைத்துக்கொண்டதே இல்லை. ஆகவே நால்வரையும் "விவசாயிகள்" என்ற ஒரே சொல்லில் அடக்கினால் தொடக்கத்திலேயே வழி தவறிவிடுவோம்.

வாடகை வீட்டில் மாமரம் வைப்போமா?

வாடகை வீட்டில் இருப்பவர் தொட்டியில் துளசி வைப்பார், மிஞ்சிப்போனால் ஒரு ரோஜா. மாங்கன்று வைக்க மாட்டார். அது காய்க்கும்போது நாம் இங்கே இருப்போமா என்ற கேள்வி வந்துவிடும். அதே ஆள் சொந்த மனை வாங்கினால் வீடு கட்டும் முன்பே தென்னங்கன்று தேடிப் போவார். மரம் நடுகிறவர், இங்கேதான் இருக்கப் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டவர்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1776 ஆகஸ்ட் 19-க்கு வாருங்கள். விடுதலைப் பிரகடனம் வெளியாகி ஒன்றரை மாதம் ஆகிறது. நியூயார்க் துறைமுகத்தை பிரிட்டிஷ் கப்பல்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. 30,000 அளவில் படைவீரர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். அமெரிக்கப் படைத்தளபதி வாஷிங்டன், தன் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த உறவினர் லண்ட் வாஷிங்டனுக்கு அன்று ஒரு கடிதம் எழுதுகிறார். வீட்டின் இரண்டு முனைகளிலும் மரத்தோப்பு வேண்டும். வடக்கு முனையில் முழுக்க லோகஸ்ட் மரம். தெற்கில் பூக்கிற வகைகளாகப் பார்த்து காட்டு ஆப்பிள், டாக்வுட், சாசஃப்ராஸ், லாரல், வில்லோ. வரிசையும் ஒழுங்கும் வேண்டாம். நெருக்கமாக நடவேண்டும், பிறகு கலைத்துவிட்டுக்கொள்ளலாம். எட்டே நாளில் லாங் ஐலண்ட் சண்டையில் தோற்று, மிச்சப் படையைக் காப்பாற்றிக்கொண்டு பின்வாங்கப் போகிறவர் எழுதிய கடிதம் இது.

ஒரு மனிதரின் விசித்திரப் பழக்கம் என்று இதைக் கடந்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் அந்த மண்ணில் தானாக வளரும் மரங்கள். போர் முடிந்த பிறகு, 1785 ஜனவரிக் குளிரில், குதிரை ஏறித் தன் காடுகளுக்குள் போய் எந்தக் கன்றைத் தோண்டிக் கொண்டுவரலாம் என்று அவரே தேடினார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் அமெரிக்க மண்ணைப் பற்றி ஓர் இளக்காரம் இருந்தது. புது உலகத்தின் விலங்குகள் பழைய உலகத்து விலங்குகளைவிடச் சிறியவை, அங்கே உயிர்கள் நலிந்துபோகும் என்று பிரான்சின் புகழ்பெற்ற இயற்கையியலாளர் பஃபோன் எழுதியிருந்தார். அதை மறுப்பதற்காகவே ஜெஃபர்சன் 1787-இல் ஒரு பெரிய மூஸ் மானின் உடலைப் பாரிஸுக்கு வரவழைத்து அவரிடம் சேர்த்தார். மவுண்ட் வெர்னன் வாசலில் காட்டு மரங்களை நட்டு அழகு பார்த்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும்.

இதுவரை: மரம் நடுவதில் இரண்டு அறிவிப்புகள் இருந்தன. இது எங்கள் இடம்; இந்த மண்ணில் விளைவது எதற்கும் குறைந்ததல்ல.

புகையிலை போட்ட முடிச்சு

இனி பணத்துக்கு வருவோம். ஊரில் ஒரு வியாபாரி. விதைக்கும்போது முன்பணம் தருகிறார். விளைந்ததை அவரிடமே போடவேண்டும், விலையும் அவர் வைத்ததுதான். அரிசி, துணி, சோப்பு எல்லாம் அவர் கடையில் கணக்கில் வாங்கவேண்டும். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் நாம்தான் பாக்கி. இப்படிப்பட்ட கணக்கு நோட்டைப் பார்த்தவர்களுக்கு வர்ஜீனியாவின் நிலைமை ஒரு நொடியில் புரிந்துவிடும்.

அங்கே பயிர் புகையிலை, வியாபாரி லண்டனில். பண்ணைக்காரர் புகையிலையைக் கப்பலில் அனுப்புவார். லண்டன் வணிகர் விற்றுக் கணக்கில் வரவு வைப்பார். கோட்டு, சேணம், ஒயின், நாற்காலி என்று கேட்டதை வாங்கி அனுப்பிப் பற்று எழுதுவார். பெரும்பாலும் பற்றுதான் கூடும். புகையிலை மண்ணையும் உறிஞ்சியது. சில வருஷத்தில் நிலம் சோர்ந்துபோகும், அடுத்த காட்டை வெட்டவேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கடன் இறங்கி வந்ததால், பண்ணைக்காரர்களே லண்டன் வணிக நிறுவனங்களின் ஒருவகைச் சொத்தாகிவிட்டார்கள் என்று ஜெஃபர்சன் பிற்பாடு எழுதினார்.

வாஷிங்டன் 1760-களின் நடுவில் புகையிலையை விட்டுவிட்டுக் கோதுமைக்கு மாறினார். கோதுமையை உள்ளூரில் அரைக்கலாம், உள்ளூரில் விற்கலாம், லண்டன் தயவு வேண்டாம். பிரிட்டனோடு போர் மூளுவதற்கு ஏறத்தாழ 10 ஆண்டுக்கு முன்பே அவர் தன் வயலில் ஒரு விடுதலையைத் தொடங்கிவிட்டார் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

பயிர் மாறியதும் வேலை முறையும் மாறியது. ஒரே நிலத்தில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாமல், தானியம், தீவனப்புல், உருளைக்கிழங்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு மண்ணைத் தேற்றும் முறைக்குப் பயிர்ச் சுழற்சி என்று பெயர். வாஷிங்டன் ஏழு வருஷச் சுழற்சித் திட்டங்களை உட்கார்ந்து எழுதினார். எருவைச் சேர்த்து மட்கவைக்கத் தனியாக ஒரு கட்டடமே கட்டவைத்தார். கோதுமை போரடிக்க, 1790-களில் பதினாறு பக்கங்கள் கொண்ட ஒரு களஞ்சியத்தை வடிவமைத்தார். நம் களத்தில் மாடு கட்டிப் போரடிப்பதுபோல, அங்கே குதிரைகள் மேல்தளத்தில் வட்டமாக ஓடி மிதிக்கும். பலகை இடுக்கு வழியே மணி மட்டும் கீழ்த்தளத்தில் கொட்டும், வைக்கோல் மேலேயே தங்கிவிடும். திறந்தவெளியில் மண்ணும் மழையும் சேர்ந்து தானியம் வீணாவது அதோடு நின்றது. அதைக் கட்டியவர்கள் அடிமைத் தச்சர்கள்.

அதிபராக 1796 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு ஆற்றிய கடைசி ஆண்டு உரையில், வேளாண்மையை வளர்க்க அரசுப் பணத்தில் வாரியங்கள் வேண்டும் என்று கேட்டார். காங்கிரஸ் அப்போது செய்யவில்லை. நாட்டுக்கு ஒரு வேளாண் துறை கிடைக்க 1862 வரை, லிங்கன் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கைகட்டி நிற்பவரின் ஓட்டு

விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மன்னர் இல்லாமல், மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள் ஆளும் அமைப்புக்குக் குடியரசு என்று பெயர். அதன் அஸ்திவாரம் ஓட்டு. அன்றைய வர்ஜீனியாவில் ஓட்டு ரகசியம் அல்ல. வாக்காளர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று தான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். போட்டியிடுகிறவரே எதிரில் இருப்பார். இப்போது யோசித்துப் பாருங்கள்: நான் குடியிருக்கும் வீடும் உழும் நிலமும் அவருடையது, நேற்றுக் கடன் கொடுத்தவரும் அவர்தான். நான் யார் பெயரைச் சொல்வேன்?

"சார்ந்திருத்தல் அடிபணிவையும் விலைபோவதையும் பெற்றெடுக்கும்" என்று ஜெஃபர்சன் 'வர்ஜீனியா பற்றிய குறிப்புகள்' நூலில் எழுதியது இந்தப் பொருளில்தான். தன் சோற்றுக்கு இன்னொருவர் முகத்தைப் பார்க்கிறவர் தன் மனசுப்படி ஓட்டுப் போட முடியாது. சொந்த நிலத்தில் விளைவித்து உண்பவர் மழையைப் பார்ப்பார், மண்ணைப் பார்ப்பார், முதலாளியின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. அதனால் குடிமக்களில் பெரும்பாலோர் சொந்த நிலம் உள்ள சிறு உழவர்களாக இருந்தால்தான் குடியரசு நிலைக்கும் என்று அவர் நம்பினார். இந்தக் கருத்தை உழவர் குடியரசு என்று சொல்லலாம்.

இந்த எண்ணத்தை அவருக்குள் ஆழமாக இறக்கிய ஒரு சந்திப்பை அவரே ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். 1785 அக்டோபர், பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த காலம். ஃபோன்தேன்ப்ளோ என்ற ஊரில் மலைப்பக்கம் நடக்கக் கிளம்புகிறார். வழியில் ஓர் ஏழைப் பெண் கூட வருகிறார். பேச்சுக் கொடுத்ததில் அவர் நிலைமை தெரிகிறது. தினக்கூலி 8 சூ (அன்றைய பிரெஞ்சுக் காசு; 20 சூ சேர்ந்தால் ஒரு லிவ்ர்), பிள்ளைகள் இரண்டு, வீட்டு வாடகை 30 லிவ்ர். அதைக் கட்டவே 75 நாள் கூலி வேண்டும். பல நாள் வேலையே கிடைக்காது, அன்று ரொட்டியும் கிடையாது. ஒரு மைல் தூரம் வழிகாட்டியதற்காகப் பிரியும்போது ஜெஃபர்சன் 24 சூ கொடுக்கிறார். மூன்று நாள் கூலி. அந்தப் பெண் பேச முடியாமல் அழுதுவிடுகிறார். சுற்றிலும் பார்த்தால் பெரிய மனிதர்கள் வேட்டையாடுவதற்காக உழாமல் விட்டுவைத்த நிலம். வேலை கேட்டு நிற்கும் கைகள் ஒரு பக்கம், தரிசாக வைத்த மண் ஒரு பக்கம். சிறு நிலக்காரர்களே ஒரு நாட்டின் மிக மதிப்புள்ள பகுதி என்ற வரி அந்தக் கடிதத்தில்தான் வருகிறது.

இது வெறும் மனக்கசிவாக நிற்கவில்லை. 1776-இல் வர்ஜீனியாவுக்காக அவர் எழுதிய அரசியலமைப்பு வரைவில், 50 ஏக்கர் இல்லாத ஒவ்வொருவருக்கும் அந்த அளவுக்கு நிலம் தரவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. நிலம் இருந்தால்தான் ஓட்டு என்ற காலம் அது. சரி, அப்படியானால் நிலத்தைக் கொடுத்துவிடுவோம் என்பது அவர் கணக்கு. அந்த விதி ஏற்கப்படவில்லை. ஆனால் பெருநிலம் பிரிக்க முடியாதபடி ஒரே வாரிசுக்கு இறங்கும் சட்டக் கட்டு 1776-இலும், உயில் இல்லாவிட்டால் மூத்த மகனுக்கே எல்லாம் என்ற வழக்கம் 1785-இலும் வர்ஜீனியாவில் ஒழிந்தன. இரண்டிலும் அவர் கை இருந்தது. அதிபரான பிறகு 1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானா பகுதியை 1.5 கோடி டாலருக்கு வாங்கினார். நாடு ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. வருங்கால உழவர்களுக்கு நிலம் வேண்டும் என்பது அதற்குப் பின்னால் இருந்த எண்ணங்களில் ஒன்று. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடி மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

இதுவரை: கடன் ஒருவரைக் கைகட்ட வைக்கும், கைகட்டியவரின் ஓட்டு அவருடையதாக இருக்காது, சொந்த நிலம் அந்தக் கட்டை அவிழ்க்கும். ஜெஃபர்சனின் வாதம் முழுக்க இந்த மூன்று படிகளில் அடங்கும்.

லண்டன் சாலையோரத்தில் ஓர் எருக்குவியல்

ஆடம்ஸைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அவருடைய 1786 ஜூலை நாட்குறிப்புதான். பிரிட்டனுக்கு அமெரிக்காவின் முதல் தூதர். லண்டனில் எட்ஜ்வேர் சாலைப் பக்கம் நடந்து போகிறார். ஓரத்தில் பெரிய பெரிய எருக்குவியல்கள். தூதர் நின்று கவனமாக ஆராய்கிறார்: வைக்கோல், லாயத்துச் சாணம், தெருக்குப்பை, பள்ளத்திலிருந்து எடுத்த களிமண். இது நல்ல எருவாக இருக்கலாம், ஆனால் என்னுடையதற்கு ஈடாகாது என்று எழுதி வைக்கிறார். ஊரில் அவர் தயாரித்ததில் பாஸ்டன் குதிரைச் சாணம், கடற்கரைச் சதுப்புச் சேறு, தெருப்புழுதி எல்லாம் சேரும்.

அதே வருஷம் மார்ச்சில் பாரிஸிலிருந்து ஜெஃபர்சன் வந்தார். பிரிட்டனோடு வணிக ஒப்பந்தப் பேச்சு நகரவில்லை. ஏப்ரலில் இருவரும் வண்டி கட்டிக்கொண்டு இங்கிலாந்தின் பெயர்பெற்ற தோட்டங்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். ஜெஃபர்சனின் குறிப்புகளில் அழகைவிடச் செலவுதான் அதிகம். பிளென்ஹைம் என்ற பிரபு மாளிகைத் தோட்டத்தைப் பராமரிக்க 200 பேர் என்று எழுதிக்கொண்டார். மன்னர் இல்லாத நாட்டில் இப்படி ஒன்று கட்டுப்படியாகுமா என்ற கேள்வி அந்த எண்களுக்குள் இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் அவர்களை வரவேற்ற செடிகளில் பல, அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவை.

எருவின் அரசியலை முழுதாகப் பேசியவர் மேடிசன். பதவிக்காலம் முடிந்த அடுத்த ஆண்டு, 1818 மே மாதம், ஆல்பமார்ல் வேளாண் சங்கத்தின் தலைவராக ஓர் உரை நிகழ்த்தினார். மண்ணிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது, சரிவில் மேலும் கீழுமாக உழுது மண்ணை மழைக்குத் தின்னக் கொடுப்பது, காட்டைக் கண்மூடித்தனமாக வெட்டுவது என்று வர்ஜீனியாவின் தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். இயற்கை முழுவதும் மனிதன் ஒருவனுக்காகவே இருக்கிறது என்று நினைத்துவிடக்கூடாது, செடிக்கும் விலங்குக்கும் காற்றுக்கும் இடையே ஒரு சமநிலை உண்டு என்றார். உழவர்தான் குடியரசின் தூண் என்றால் மண் செத்தால் தூணும் சாயும். அதனால் அவருக்கு எரு ஒரு பொதுக் காரியம்.

விதையை நாட்டுக்குச் செய்யும் தொண்டாகவே ஜெஃபர்சன் நினைத்தார். ஒரு நாட்டுக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய சேவை அதன் சாகுபடியில் பயனுள்ள ஒரு பயிரைச் சேர்ப்பதுதான் என்று எழுதியவர் அவர். 1787-இல் இத்தாலியின் பியட்மான்ட் பகுதிக்குப் போனபோது, வெளியே கொண்டுபோனால் மரண தண்டனை என்ற சட்டம் இருந்தும், கோட்டுப் பைகளில் நெல்லை நிரப்பிக்கொண்டு வந்தார். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து மேட்டுநில நெல் வரவழைத்துத் தென்கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் அனுப்பினார். தேங்கிய நீரில் நெல் போடும் சதுப்புகளில் காய்ச்சல் கண்டு மனிதர்கள் சாவதைக் குறைக்கலாம் என்ற ஆசை. மான்டிசெல்லோவின் காய்கறித் தோட்டம் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய 1,000 அடி நீளப் படிக்கட்டு நிலம். அங்கே அவர் காலத்தில் 330 வகைக் காய்கறிகளை வளர்த்துப் பார்த்தார்கள்.

எங்கே எச்சரிக்கை வேண்டும்?

இந்தக் கதையை அளவுக்கு மீறி இழுப்பவர்களும் இருக்கிறார்கள். 1787-இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பு மாநாடு முட்டிக்கொண்டு நின்றது. பெரிய மாநிலங்களுக்கும் சிறிய மாநிலங்களுக்கும் சண்டை. ஜூலை 14 அன்று மேடிசன் உட்பட சில பிரதிநிதிகள் ஊருக்கு வெளியே இருந்த பார்ட்ராம் தாவரத் தோட்டத்தைப் பார்க்கப் போனார்கள். ஜூலை 16 அன்று சமரசத் தீர்மானம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிறைவேறியது. தோட்டம்தான் மனதை மாற்றியது என்று சொல்லத் தூண்டும் தேதிகள். ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தால் முன்னது பின்னதுக்குக் காரணம் ஆகிவிடாது. அதேபோல, மேடிசன் சொன்ன இயற்கைச் சமநிலையைக் காட்டி, அரசியலமைப்பின் அதிகாரச் சமநிலை அங்கிருந்து வந்தது என்பார்கள். அந்த உரை அரசியலமைப்புக்கு 31 ஆண்டு பிந்தியது.

அப்புறம், தோட்டம் போட்டவர் எல்லாம் ஒரே மாதிரி யோசிக்கவும் இல்லை. வங்கி, ஆலை, நகரம் என்று வேறு ஒரு நாட்டைக் கனவு கண்ட அலெக்சாண்டர் ஹாமில்டனும் பிற்பாடு நியூயார்க்கில் வீடு கட்டி, செடி வைத்து, நண்பருக்கு விதை கேட்டு எழுதியவர்தான்.

மண்வெட்டி யார் கையில் இருந்தது?

சொந்த உழைப்பு, சொந்த நிலம், யாருக்கும் கைகட்டாத வாழ்க்கை. இவ்வளவு பேசிய மூன்று வர்ஜீனியர்களின் நிலத்தில் குனிந்து வேலை செய்தவர்களுக்கு இந்த மூன்றில் எதுவும் இல்லை. இதை ஓரத்தில் ஒரு குறையாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சார்ந்திருத்தல் மனிதரைச் சிதைக்கும் என்று அவர்களுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, முற்றிலும் சார்ந்திருக்கும்படி கட்டிப்போட்ட மனிதர்கள் நாள்தோறும் கண்முன் நின்றதாலும்தான் என்று நினைக்கிறேன். 1799-இல் மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் வாஷிங்டனுக்குச் சட்டப்படி சொந்தமான 123 பேருக்கு அவர் உயில் வழியாக விடுதலை எழுதினார். ஜெஃபர்சன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். மிகச் சிலருக்கே விடுதலை கொடுத்தார்.

மான்டிசெல்லோவில் இன்னொரு வகைத் தோட்டமும் இருந்தது. அடிமைகள் தங்கள் குடிசைக்குப் பக்கத்தில், கிடைத்த ஓய்வு நேரத்தில் போட்ட பாத்திகள். 1805 முதல் 1808 வரை ஜெஃபர்சனின் பேத்தி ஆன் எழுதிய வீட்டுக் கணக்கு நோட்டில், பெரிய வீடு அவர்களிடமிருந்து முட்டையும் கோழியும் காய்கறியும் காசு கொடுத்து வாங்கிய விவரம் இருக்கிறது. சொந்தமாக விளைவித்து விற்பதன் ருசி என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜெஃபர்சனின் தோட்டத்தைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவர் வோர்ம்லி ஹியூஸ். அவரும் அடிமைதான். பிலடெல்பியாவிலிருந்து வந்த விதைகளையும் கிழங்குகளையும் நட்டவர், பாத்திகளை வெட்டியவர். 1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தபோது அவருக்குக் குழி தோண்டியதும் ஹியூஸ்தான். அதன் பிறகு, முறைப்படி பத்திரம் இல்லாமலே, அவரைச் சுதந்திரமாகப் போகவிட்டார்கள். ஜெஃபர்சன் விட்டுச்சென்ற கடன் 1,00,000 டாலருக்கும் மேல். அதை அடைக்க 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. ஏலத்தில் விற்கப்பட்டவர்களில் ஹியூஸின் மனைவி உர்சுலாவும் பிள்ளைகளும் இருந்தார்கள்.